வேதாரண்யத்துக்கு நேர் மேற்கே ஒரு மலைவீடு

தமிழ்நாட்டு வரைபடத்தில் வேதாரண்யத்தின் மேல் அளவுகோலை வைத்து, மேற்குத் திசையில் நேராக ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைத் தொடும். புதுக்கோட்டையை ஊடறுக்கும். திண்டுக்கல்லைக் கடந்ததும் பழனி மலையின் கீழ்ச்சரிவில் ஏறும். அங்கே, கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, காப்பியும் மிளகும் மலைவாழையும் சவ்சவ் பந்தல்களும் சூழ்ந்திருக்கும் ஊர் பண்ணைக்காடு. வேதாரண்யத்துக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தோடு கரையேறியது. அங்கிருந்து அது போன வழி ஏறத்தாழ இந்தக் கோடுதான். டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னைகளை அடியோடு சாய்த்துவிட்டு, காலையில் உள்மாவட்டங்களைக் கடந்து, அன்று பகலிலேயே மலைத்தொடரைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்து, பிறகு அரபிக்கடலில் இறங்கியது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மண்சரிவில் சிக்கிக் கட்டுமானத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆனாலும் கஜா என்றதும் நாட்டின் நினைவில் வருவது கடலோரம் மட்டுமே. நிவாரணப் பேச்சும் அங்கேயே நின்றது. மலைக்காரர்கள்கூடப் பலர் அதைத் தற்செயலாக ஒருமுறை வழிதவறி வந்த புயல் என்றே எண்ணுகிறார்கள்.

அது வழிதவறி வந்த புயலாக இருக்க முடியாது. 41 ஆண்டுகளுக்கு முன்பும் இதே வழியில் ஒரு புயல் போயிருக்கிறது.

1977 நவம்பர் 12 அதிகாலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும் புயல் கரையைக் கடந்தது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய உள்மாவட்ட நகரங்களிலேயே மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று பதிவானது. மாலைக்குள் அது தமிழ்நாட்டின் உட்பகுதியில் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் காலையில் கேரளக் கரைக்கு அப்பால் கடலில் இறங்கிவிட்டது. 560 பேர் உயிரிழந்தார்கள், சுமார் பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையை மூழ்கடித்த பெரும்புயல் பத்தாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டது. அந்தப் பேரழிவின் நிழலில் தமிழ்நாட்டுப் புயல் மறைந்துபோனது.

அந்த 1977 நவம்பர் மழையில் நடந்த ஒரு விபத்தை மலைக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கீழ்ப்பழனி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து வடக்கே ஓடி அமராவதியில் சேர்வது குடகனாறு. வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் அதன் குறுக்கே அப்போதுதான் ஒரு மண் அணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மலையிலிருந்து வெள்ளம் இறங்கியபோது பணியாளர்கள் தூங்கிவிடவில்லை. உரிய நேரத்தில் ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி தூக்கும்போதே மின்சாரம் நின்றது. மாற்று ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் கையால் சுழற்றித் தூக்க முயன்றார்கள். அதற்குள் தண்ணீர் மண்கரைக்கு மேலே வழிந்து, பின்சரிவை அரித்து, அணையைப் பல இடங்களில் உடைத்தது. உடைப்புகள் 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை அகன்றிருந்தன. அணைப் பாதுகாப்பு பற்றிய பொறியியல் நூல்கள் இந்த நிகழ்வை இன்றும் எடுத்துப் பேசுகின்றன. வீட்டளவுக்கு இறக்கிப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் உண்டு. புயல் முதலில் பறித்துக்கொள்வது மின்சாரத்தை. மோட்டாரையும் விளக்கையும் செல்பேசியையும் நம்பிப் போட்ட திட்டமெல்லாம் அந்த நிமிடமே செல்லாமல் போகிறது.

புயல் தரையேறினால் ஏன் தளர்கிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி, மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பமே புயலின் எரிபொருள். கரையேறியதும் அது அறுபடுகிறது. மரங்களும் கட்டடங்களும் மேடுபள்ளங்களும் காற்றை உரசித் தடுக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் மணிக்கு 62 கிலோமீட்டரோ அதற்கு மேலோ காற்றடித்தால் புயல். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். இந்த ஏணியில் அளக்கப்படுவது காற்றின் வேகம் மட்டுமே. புயல் சுமந்துவரும் ஈரத்துக்கு அதில் இடமில்லை. சமவெளியில் இருப்பவருக்குக் காற்று குறைந்தால் பெரும்பாலும் நிம்மதி. மலையில் இருப்பவருக்கு அப்படியில்லை.

காரணம் நிலத்தின் அமைப்பு. பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கிளை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்கிலுள்ள உயர்ந்த மலைகள் பெருமளவு வாங்கிக்கொள்கின்றன. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்குத் தடுப்பாக முதலில் நிற்பது பண்ணைக்காடு, தாண்டிக்குடி இருக்கும் கீழ்மலைதான். சரிவில் மோதிய காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் தாங்கமுடியாத ஈரத்தை அங்கேயே கொட்டும். தளர்ந்த புயல் மெதுவாக நகர்ந்தால் இந்தக் கொட்டல் மணிக்கணக்கில் நீளும்.

இதன் உச்சத்தை நீலகிரி பார்த்திருக்கிறது. 2009 நவம்பர் 10 அன்று குன்னூருக்கு அருகேயுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. பின்னால் அரபிக்கடலில் ‘பியான்’ புயலாக உருவெடுத்த சுழற்சி, அப்போது புயலென்ற பெயர்கூட வாங்காத நிலையில் இருந்தது. நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அண்மையில், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல் வலுக்குன்றியபடியே உள்ளே நகர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் நடந்த சாவு அது.

ஆகவே மலைவீட்டைப் புயல்காலத்துக்குத் தயார்ப்படுத்துவதென்றால், கடலோர வீட்டுக்கான குறிப்புகளை அப்படியே நகலெடுக்க முடியாது. அங்கே கடல் பொங்கி வரும் என்ற பயம் முதலிடத்தில் இருக்கிறது. இங்கே அந்த இடத்தைச் சரிவில் ஊறும் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. செப்டம்பர் மாதத்தில் ஒரு மண்வெட்டியோடு வீட்டைச் சுற்றி நடப்பது, நவம்பரில் கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட அதிகமாகக் காப்பாற்றும். அதற்கு வருமுன் காற்றைப் பார்த்துவிடலாம். அதன் கணக்கு எளியது.

காற்று ஒரு பரப்பின் மேல் தரும் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கட்டடங்களுக்கான காற்று விசையை வரையறுக்கும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி இதை ஒரே வரியில் சொல்கிறது: நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கமாக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றுக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடை. பத்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தகர ஷீட்டின் பரப்பில் சேர்த்தால் 150 கிலோவைத் தொடும். அந்த ஷீட்டின் சொந்த எடையோ பதினைந்து கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். மேலும், கூரைமேல் வழுக்கி ஓடும் காற்று ஷீட்டை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம். அந்த உறிஞ்சல் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உச்சி வரிசையிலும் மிகக் கடுமையாக இருக்கும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மலையூர்களில் பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கத்தின் போதாமை புரியும். ஷீட்டின் மேல் நாலு கல்லையும் இரண்டு மணல் மூட்டையையும் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுப்பார்கள். 150 கிலோ உறிஞ்சலுக்கு இருபது கிலோ கல் எம்மாத்திரம்? ஷீட் எழும்பினால் அந்தக் கல்லே வீட்டுக்குள் விழும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கல்லின் எடையே விரிசலைத் தொடங்கி வைக்கும். கூரையைக் காப்பது அதன் பிடிமானம். ஜே போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, ரப்பர் வாஷர் நைந்திருக்கிறதா, சட்டத்தில் மரம் இற்றிருக்கிறதா என்று மழைக்கு முன் ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நடுக்கூரையில் இடைவெளி விட்டுப் போட்டாலும், ஓர வரிசையிலும் உச்சி வரிசையிலும் போல்ட்டுகளை நெருக்கிப் போட வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. ஷீட்டைப் பிடித்திருக்கும் சட்டம் சுவரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் சட்டம் ஷீட்டோடு சேர்ந்தே பறந்துவிடும். சட்டத்தைச் சுவருக்குள் இறங்கிய கம்பியோடு முறுக்கிக் கட்டுவது கொத்தனாருக்கு அரைநாள் வேலை.

முன்தாழ்வாரத்தின் ஷீட் வீட்டுக்கூரையின் நீட்சியாக இருந்தால் அது காற்றுக்குக் கைப்பிடியாகிவிடும். தாழ்வாரத்தைத் தனிச் சட்டத்தில் தனிக் கூரையாக வைத்தால், போனாலும் அது மட்டும் போகும். ஜன்னல் கண்ணாடியில் பசைநாடா ஒட்டுவதால் பயனில்லை. மரக்கதவோ பலகையோ கொண்டு மறைப்பதுதான் காப்பு. காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே காற்று மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் கூடினால் நல்ல போல்ட்டும் தாங்காது. அழுத்தத்தைச் சமப்படுத்துவதாக நினைத்து எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் தாழிட வேண்டும்.

மலையில் இன்னொன்றும் சேர்கிறது. சரிவில் ஏறும் காற்று உச்சியை நெருங்கும்போது நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. மேற்சொன்ன தரநிலை இதற்காகவே ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறது. குன்றின் உச்சியிலும் விளிம்பிலும் அது 1.36 வரை போகலாம். வேகம் 1.36 மடங்கென்றால் விசை 1.85 மடங்கு. காட்சிக்காக முகட்டு விளிம்பில் கட்டப்படும் விடுதிகளும் புதுவீடுகளும் இந்த விலையைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. மலையின் பழைய ஊர்கள் பெரும்பாலும் முகட்டுக்குக் கீழே, மடிப்புகளுக்குள் அமைந்திருப்பதைப் பார்த்தால் முன்னோர் காற்றைக் கவனித்துத்தான் இடம் தேர்ந்தார்கள் என்று தோன்றுகிறது.

காற்று வீட்டைத் தொடாமலே கொல்வதும் உண்டு, மரம் வழியாக. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் நட்ட சில்வர் ஓக் உயரமாக வளரும். கல்யாண முருங்கையின் கிளை எளிதில் முறியும். மரத்தை நிற்க வைப்பது வேரும் மண்ணும் கொண்ட பிடி. பல நாள் மழையில் மண் ஊறினால் அந்தப் பிடி தளர்ந்து, வறண்ட மண்ணில் தாங்கியிருக்கக்கூடிய காற்றுக்கே மரம் வேரோடு சாயும். அதனால் புயல் நாளின் காற்று வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அதற்கு முந்தைய பத்து நாள் மழையும் கணக்கில் உண்டு. மரத்தின் உயரத்துக்கு ஒன்றேகால் மடங்கு தூரத்துக்குள் வீடு இருந்தால் அந்த மரத்தைப் பருவத்துக்கு முன்பே கவனித்துவிட வேண்டும். கவாத்து செய்தால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். மொட்டையாக வெட்டத் தேவையில்லை. வேர்தான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு மேல்பக்கச் சரிவில் மரங்களை ஒட்டுமொத்தமாக அழித்தவர்கள் காற்றுக்குப் பயந்து மண்ணை அவிழ்த்துவிட்டவர்கள் ஆவார்கள்.

இனி மண்.

பழனி மலையின் அடிப்பாறை சார்னோகைட் போன்ற மிகப் பழைய, கடினமான பாறை. அது காலங்காலமாகச் சிதைந்து, மேலே பல அடி ஆழத்துக்கு மண்ணாகப் போர்த்தியிருக்கிறது. அந்த மண் சரிவில் வழுக்காமல் நிற்பதற்குக் காரணம் மண்மணிகள் ஒன்றையொன்று அழுத்தி உரசுவது. மழைநீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது இரண்டு காரியம் நடக்கிறது. காய்ந்தபோது ஒரு கன மீட்டர் சுமார் ஒன்றரை டன் இருந்த மண், நிறைந்தபின் இரண்டு டன்னை நெருங்குகிறது. அதே நேரம் இடைவெளியில் தேங்கிய நீர் மணிகளை மிதக்கவைக்கப் பார்க்கிறது. கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கித் தூக்கினால் கல் இலேசாகத் தெரிவதைப்போல, மணிகளுக்கிடையிலான அழுத்தம் குறைந்து உரசல் தளர்கிறது. சுமை கூடுகிறது, பிடி குறைகிறது. கீழே நீர் புகாத பாறை இருந்தால் அதன் முதுகில் முழு மண்போர்வையும் வழுக்கக் காத்திருக்கும்.

இதில் மனிதர் சேர்ப்பவை மூன்று. வீடு கட்டச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவது ஒன்று. வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதன் மேலேயே பாதி வீட்டை நிறுத்துவது இரண்டாவது. பொக்லைன் இயந்திரம் மலையேறியபின் இவை இரண்டும் இரண்டு நாள் வேலையாகிவிட்டன. மூன்றாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை: வீட்டுக்கு மேல்பக்கம் தண்ணீரை விடுவது. ஒழுகும் குழாய், நிரம்பி வழியும் தொட்டி, கழிவறைக் குழி, சொட்டுச் சொட்டாகப் பாயும் தோட்டக் குழாய் எல்லாம் மழைக்கு முன்பே சரிவை ஊறவைத்துத் தயாராக வைத்துவிடுகின்றன.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டால் மலைப்பு வரும். ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர் வழியும். கேத்தியில் பெய்ததுபோல் 820 மில்லிமீட்டர் பெய்தால் 76,000 லிட்டர், அதாவது ஆறு டேங்கர் லாரி நீர். அத்தனையும் கூரையின் விளிம்பிலிருந்து அடித்தளத்தின் ஓரத்தில் விழுந்தால் என்னாகும்? கூரை விளிம்பில் தகரவாரி பொருத்தி, குழாய் வழியாக இறக்கி, கல் பாவிய வாய்க்காலில் விட்டு, இயற்கையான ஓடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டின் பின்சுவரில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. சரிவில் ஒருவரது வடிகால் அடுத்தவரது வெள்ளம். ஒரு தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பேரூராட்சி வடிகாலும் இதில் பங்காளி.

வீட்டின் மேல்பக்கம், வெட்டிய முகத்துக்குச் சில அடி மேலே, குறுக்காக ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும். மேலிருந்து வழிந்து வரும் நீரை அது வீட்டைச் சுற்றித் திருப்பிவிடும். காப்பித் தோட்டக்காரர்களுக்குச் சமோச்சக் குழி புதிதல்ல. ஆனால் தோட்டக் குழியின் வேலை நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவது. வீட்டு வாய்க்காலின் வேலை நீரை நிறுத்தாமல் அப்பால் கொண்டுபோவது. வீட்டுக்கு நேர் மேலே நீரைத் தேக்கும் குழி வெட்டுவது பேராபத்து. வாய்க்காலில் இலையும் சருகும் அடைத்துக்கொண்டால் அது வாய்க்காலாக இராமல் தொட்டியாகிவிடும். ஆகவே ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் சுத்தம் செய்ய வேண்டும்.

தடுப்புச் சுவரை நம்பியிருப்பவர்கள் ஒரு எண்ணை மனத்தில் வைத்திருக்க வேண்டும். பத்தடி உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் நிறைந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அந்த நீர் மட்டுமே ஏறத்தாழ நாலரை டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் இதற்கு மேல். சுவர்கள் பெரும்பாலும் மெல்லியவை என்பதால் இடிவதில்லை, தண்ணீர் வெளியேற வழியில்லாததால் இடிகின்றன. மலையூர்களில் சாந்தில்லாமல் அடுக்கிய பழைய கல்கட்டுகள் பல தலைமுறையாக நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு இடுக்கும் ஒரு வடிகாலாக இருப்பதுதான். அழகுக்காக அவற்றின்மேல் சிமெண்ட் பூசுவது நல்ல சுவரை ஆபத்தான சுவராக்கும் செயல். கான்கிரீட் சுவரென்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் குழாய்த் துளைகள் வேண்டும், அவற்றின் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். வேரும் சேறும் அடைத்த துளைகளைக் கம்பிவிட்டுக் குத்தித் திறக்க வேண்டும். பெருமழையில் இந்தத் துளைகளில் நீர் கொட்டினால் மகிழலாம். கொட்டிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால்தான் பயப்பட வேண்டும்.

சரிவு பெரும்பாலும் முன்னறிவிப்புத் தரும். சுவரிலோ முற்றத்திலோ புதிய விரிசல் தெரியும், பழைய விரிசல் அகலும். நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இறுகும். மின்கம்பமும் வேலிக்கல்லும் மரமும் ஒரே பக்கம் சாயும். எப்போதும் ஈரமில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும். ஓடை நீர் திடீரென்று செம்மண் கலங்கலாகும். அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே வற்றும், அதாவது மேலே எங்கோ மண் விழுந்து அணைகட்டியிருக்கிறது. மேலே கல் உருளும் ஓசையோ மரம் முறியும் ஓசையோ கேட்டால் சான்றிதழும் நகையும் எடுக்கத் திரும்பக்கூடாது. சரிவின் போக்குக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓட வேண்டும். கீழ்நோக்கி ஓடினால் மண் முந்திக்கொள்ளும்.

பெருஞ்சரிவுகள் பல இரவில் நடக்கின்றன, இரவில் விரிசல் தெரியாது. எனவே வெளியேறுவதைப் பகலிலேயே முடிவு செய்ய வேண்டும். அதற்கு உதவும் கருவி சமையலறையிலேயே இருக்கிறது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளவுகோலால் அளந்து எழுதிவைத்தால் அது மழைமானி. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஒரு வாரமாக நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டே வந்து, அன்று ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கையும் இருந்து, வீடு வெட்டிய சரிவின் அடியில் இருந்தால், மாலை நான்கு மணிக்குள் உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூட முகாமுக்கோ போய்விடுவதே அறிவு. கஜா கரையேறுமுன் கடலோரத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். மலைச்சரிவின் தகர ஷீட் வீடுகளுக்கும், தோட்டத் தொழிலாளர் லைன்களுக்கும், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் அதே அக்கறை, அதே முன்கூட்டிய வாகனம் கிடைக்க வேண்டும். மலைக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்த நாளிலேயே அந்த வேலை தொடங்க வேண்டும்.

தங்கியிருப்பவர்களின் அடுத்த சிக்கல் துண்டிப்பு. பண்ணைக்காட்டுக்கு ஊத்துப் பக்கமாக வத்தலக்குண்டு–கொடைக்கானல் சாலை ஒரு வாசல், தாண்டிக்குடி, பெரும்பாறை வழியாகச் சித்தரேவுக்கு இறங்குவது இன்னொரு வாசல். ஒரே இரவில் இரண்டிலும் மரம் விழலாம், மண் சரியலாம். கஜாவில் மாநிலமெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. அவ்வளவையும் நட ஆளும் கம்பமும் முதலில் சமவெளிக்குத்தான் போகும், மலைக்கு வந்துசேரப் பல நாள் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மாற்று சிலிண்டர் இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் இரண்டு வாரத்துக்கு இருக்க வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு மலையின் குளிர் ஒரு வரம். குளிர்பெட்டி நின்றாலும் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் சில நாள் வைக்கலாம். மாடித் தொட்டியை நிரப்பி வைப்பதில் இரட்டை இலாபம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை, காற்று தள்ளாது. காலியாக இருந்தால் அதுவே பறந்துபோய் அடுத்த வீட்டுக் கூரையில் விழும். ஊற்று நீர் மழைக்காலத்தில் கலங்கலாகும், ஆகவே கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரம் போனபின் மின்கலத்தில் சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் வரும்வரை மௌனம். அந்த நேரத்துக்கு ஒரு பழைய டிரான்சிஸ்டர் போதும். கொடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்சில் மலையிலிருந்தே ஒலிபரப்பாகிறது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வைக்கலாம். செல்பேசி அணைந்தால் அதற்குள் இருக்கும் எண்ணும் கிடைக்காது.

குளிருக்காகச் செய்யும் ஒரு தவறு புயலுக்குப் பிந்தைய இரவுகளில் உயிரைப் பறிக்கிறது. கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டினாலோ, வீட்டை ஒட்டி ஜெனரேட்டர் ஓட்டினாலோ கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தூங்குபவர் விழிப்பதில்லை. கொடைக்கானல் விடுதி அறைகளில் இப்படி இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். கூடுதலாக இரண்டு கம்பளி எடுத்துக்கொள்ளலாம். கணப்புக்குப் புகைபோக்கி இல்லாத அறை ஏற்றதல்ல.

மழை விட்டதும் மண் உடனே காய்ந்துவிடாது. மேல்சரிவில் இறங்கிய நீர் கீழே கசிந்து வரச் சில நாள் ஆகும். வெயில் அடித்த பிறகும் சரிந்த மலைகள் உண்டு. வெளியேறியவர்கள் திரும்புமுன், பெரியவர் ஒருவர் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு மேல்பக்கம் நடந்து விரிசலைப் பார்த்துவர வேண்டும். தொங்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று தானாக முடிவு செய்யக்கூடாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரே அதில் மின்சாரம் ஏற்றியிருக்கலாம். சாய்ந்த மரத்தையும் உடைந்த கூரையையும் அகற்றுமுன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். உதிர்ந்த காப்பிப் பழத்தை அன்றே பொறுக்கினால் ஓரளவு மிஞ்சும், இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் அதற்கும் முன்னால் வாய்க்காலில் இறங்கிய மண்ணை அள்ளியாக வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை கடந்த ஒரு வாரத்துக்குள் அடுத்தது உருவாவதும் உண்டு. அப்போது பெய்யும் மழை குறைவாகவே இருந்தாலும், ஏற்கெனவே ஊறிய சரிவுக்கு அது போதும்.